நீங்க எந்தப் பக்கம்? ஒரு வேன், மூணு நாடு, ஒரு தப்பான கேள்வி

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு டிராவல் எபிசோட். ஆனா "எட்டு நாள்ல மூணு நாடு, மொத்தச் செலவு இவ்வளவு" டைப் எபிசோட் இல்ல. அந்த மாதிரி டிப்ஸ் கடைசியில கொஞ்சம் தரேன். இன்னைக்கு நான் பேசப்போறது, அந்தப் பயணத்துல எங்க கைடுகிட்ட நான் கேட்ட ஒரு கேள்வியைப் பத்தி. கேட்டு முடிச்ச அடுத்த நொடியே, கேட்டிருக்கக் கூடாதுன்னு தோணின கேள்வி.

முதல்ல ரூட். போன ஜூன்ல நானும் என் காலேஜ் நண்பனும் பால்கன் பக்கம் போனோம். குரோஷியா, போஸ்னியா, மாண்டினீக்ரோ. ஜாக்ரெப்ல ஆரம்பிச்சு டுப்ரோவ்னிக்ல முடியுற ரோடு டிரிப். கிட்டத்தட்ட 1,000 கிலோமீட்டர். ஒரு வேன், ஒன்பது பயணிகள். டிரைவரும் கைடும் ஒரே ஆள். ஐம்பது வயசு இருக்கும். மோஸ்தார்க்காரர். நாங்க இந்த ரூட்டை எடுத்ததுக்கு உண்மையான காரணம் ரொம்ப சிம்பிள்: ரீல்ஸ்ல பார்த்த ஏரி, அருவி, பாலம், கோட்டை. அவ்வளவுதான். வரலாறு எதுவும் படிச்சுட்டுப் போகல.

முதல் நாள் வேன்ல ஏறினதும் அவர் தன்னை அறிமுகப்படுத்திக்கிட்டார். "நான் சின்ன வயசுல இருந்த நாடு இப்போ மேப்புல கிடையாது. நான் வீடு மாறல, நாடுதான் மாறிச்சு"ன்னார். எல்லாரும் சிரிச்சோம். அவர் சொன்னது யுகோஸ்லாவியாவை. 1991 வரைக்கும் நாங்க போன மூணு நாடும் ஒரே நாடு. அப்புறம் ஒவ்வொண்ணா பிரிஞ்சது, போர், இப்போ நாங்க எட்டு நாள்ல மூணு தடவை பாஸ்போர்ட்ல ஸ்டாம்ப் வாங்குறோம்.

முதல் ஸ்டாப் பிளிட்விட்சே. 16 ஏரி, படிப்படியா ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு, நடுவுல எல்லாம் அருவி. 1979ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்த இடம். தண்ணியோட கலர் ஃபில்டர் போட்ட மாதிரி இருக்கு, ஆனா நிஜமாவே அந்தக் கலர்தான். எனக்குப் பிடிச்ச விஷயம் அது வேலை செய்யுற விதம். அந்தத் தண்ணியில சுண்ணாம்புச் சத்து அதிகம். பாசி மேல, கிளை மேல அது கொஞ்சம் கொஞ்சமாப் படிஞ்சு கல்லாகுது. அந்தக் கல்தான் ஏரிகளுக்கு நடுவுல அணை. அதாவது தண்ணியே தனக்கு அணை கட்டிக்குது, இன்னும் கட்டிக்கிட்டே இருக்கு. அதனாலதான் அங்க குளிக்கத் தடை.

மரப்பலகைப் பாதையில நடந்துகிட்டே இருக்கும்போது கைடு சொன்னார்: "குரோஷியப் போர்ல முதல் உயிர் போனது இந்தப் பார்க்லதான். 1991 மார்ச் 31. ஈஸ்டர் ஞாயிறு." சொல்லிட்டு நடந்துட்டே இருந்தார். நாங்க செல்ஃபி எடுத்துக்கிட்டு இருந்தோம்.

அடுத்த நாள் ஸ்ப்ளிட். ரோமானியப் பேரரசர் டயோக்ளீஷியன் ரிட்டயர்மென்ட்டுக்காகக் கட்டின அரண்மனை, 1,700 வருஷப் பழசு. இதுல ஸ்பெஷல் என்னன்னா, அது மியூசியம் இல்ல. ஏழாம் நூற்றாண்டுல பக்கத்து ஊர் அழிஞ்சப்போ ஜனங்க உள்ள வந்து குடியேறினாங்க, இன்னைக்கு வரைக்கும் அதுக்குள்ள வீடு இருக்கு, கடை இருக்கு. ரோமானியத் தூணுக்குப் பக்கத்துல ஒரு பாட்டி துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தாங்க.

மூணாவது நாள் போஸ்னியா பார்டர். தாண்டின உடனே என் சிம் செத்துப்போச்சு. ஐரோப்பிய யூனியன் ரோமிங் அங்க செல்லாது. யூரோ போய் மார்க் வந்துச்சு. ஆனா ரோடு ஓரம் நின்ன கடையில கைடு பேசின மொழி மாறவே இல்ல. நான் கேட்டேன், இது வேற மொழியான்னு. அவர் சொன்னார்: "நேத்து ரொட்டி வாங்கும்போது க்ரூஹ்னு கேட்டேன். இன்னைக்கு ஹ்லெப்னு கேட்டேன். காபிக்கு அங்க காவா, இங்க காஹ்வா. மத்தபடி எல்லாரும் எல்லாருக்கும் புரியுற மாதிரிதான் பேசுறோம். ஆனா பேர் மட்டும் நாலு: குரோஷியன், செர்பியன், போஸ்னியன், மாண்டினீக்ரன்."

அப்புறம் மோஸ்தார்.

போட்டோ பார்த்திருப்பீங்க. பச்சை நிற நெரெட்வா ஆறு, மேல ஒரே வளைவா ஒரு வெள்ளைக் கல்பாலம். ஸ்தாரி மோஸ்ட், அதாவது பழைய பாலம். உஸ்மானிய சுல்தான் சுலைமான் காலத்துல மிமார் ஹைருதீன்ங்கிற கட்டடக் கலைஞர் கட்டி 1566ல முடிச்சது. 427 வருஷம் நின்னுச்சு. 1993 நவம்பர் 9ஆம் தேதி ஷெல் அடிச்சு ஆத்துல விழுந்துச்சு. இப்போ நாம பார்க்குறது அதே வகை உள்ளூர்க் கல்லுல, பழைய முறையிலயே திரும்பக் கட்டினது. 2004 ஜூலை 23ல திறந்தாங்க.

பாலத்து மேல பசங்க நிக்குறாங்க, நீச்சல் டிரஸ்ல. டூரிஸ்ட்கிட்ட காசு வசூல் பண்ணிட்டு, 20 மீட்டருக்கு மேல உயரத்துலேர்ந்து ஆத்துல குதிக்கிறாங்க. ஜூன் மாசத்துலயும் தண்ணி ஐஸ். ஊர்ப் பசங்க காலம் காலமா பண்ற விஷயம் இது.

வேனுக்குத் திரும்பி வந்தப்போ கைடு அந்தப் போரைப் பத்திச் சுருக்கமா சொன்னார். ஊர்ல குரோட்கள் இருந்தாங்க, பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். போஸ்னியாக்கள் இருந்தாங்க, முஸ்லிம்கள். செர்பியர்களும் இருந்தாங்க, ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். 1992ல யுகோஸ்லாவிய ராணுவம் ஊரைத் தாக்கினப்போ குரோட்களும் போஸ்னியாக்களும் ஒண்ணா நின்னு சண்டை போட்டாங்க. 1993ல அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுலயே போர். பாலத்தை உடைச்சது குரோட் படை. இன்னைக்கும் ஊரோட புகழ்பெற்ற ஜிம்னாசியம் பள்ளிக்கூடத்துல ஒரே கட்டடம், ரெண்டு சிலபஸ், ரெண்டு தரப்புப் பிள்ளைகளும் தனித்தனியாப் படிக்கிறாங்க.

அப்போதான் நான் கேட்டேன். எட்டு பேர் முன்னாடி, பின் சீட்லேர்ந்து, குவிஸ்ல பஸ்ஸர் அடிக்கிற மாதிரி: "அப்போ நீங்க எந்தப் பக்கம்?"

அவர் ரியர் வியூ மிரர்ல என்னைப் பார்த்தார். "இப்போதைக்கு ரோட்டோட வலது பக்கம்"னு சொல்லிட்டு வண்டியை ஸ்டார்ட் பண்ணினார். ரெண்டு பேர் சிரிச்சாங்க. அடுத்த ஒரு மணி நேரம் அவர் எதுவும் பேசல. ஜன்னல் வெளிய நெரெட்வா பள்ளத்தாக்கு, மலை, யாப்லானிட்சா ஏரி, வாழ்க்கையிலயே நான் பார்த்த அழகான ரோடு. ஒண்ணையும் ரசிக்க முடியல. நண்பன் காதுக்குள்ள சொன்னான்: "டேய், நம்ம ஊர்ல ஒரு ஆள்கிட்ட முதல் சந்திப்புலயே நீங்க என்ன ஆளுங்கன்னு கேட்டா எப்படி இருக்கும்? அதைத்தான்டா நீ கேட்டிருக்க." சுருக்குன்னு இருந்துச்சு. ஏன்னா அந்தக் கேள்வியை யாராவது என்கிட்ட சுத்தி வளைச்சுக் கேட்டா எனக்கு எவ்வளவு கோபம் வரும்னு அவனுக்குத் தெரியும்.

ஆனா நான் இன்ஜினியர் இல்லையா. கேள்விதான் தப்பு, டேட்டா கிடைச்சா புரிஞ்சிடும்னு நினைச்சேன். அன்னைக்கு ராத்திரி சாரயேவோ ஹோட்டல்ல போன்ல ஒரு டேபிள் போட்டேன். மூணு காலம்: ஊர், தாக்கினது யாரு, அடிபட்டது யாரு. முதல் வரி: மோஸ்தார், குரோட், போஸ்னியாக். அப்பவே சிக்கல். ஒரு வருஷம் முன்னாடி ரெண்டு பேரும் ஒரே பக்கம். சரி, ஒரு ஃபுட்நோட் போட்டுக்கலாம்னு விட்டுட்டேன்.

சாரயேவோ. நான் போன ஊர்கள்லயே மனசுல நின்ன ஊர் இதுதான். பாஷ்சர்ஷியான்னு உஸ்மானியக் கால பஜார், செம்புப் பாத்திரம் தட்டுற சத்தம். பத்து நிமிஷம் நடந்தா ஆஸ்திரியா ஸ்டைல் கட்டடங்கள். மசூதி, கத்தோலிக்க சர்ச், ஆர்த்தடாக்ஸ் சர்ச், யூதக் கோயில் எல்லாம் நடக்குற தூரத்துல. 1914 ஜூன் 28ல ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டைச் சுட்ட லத்தீன் பாலத்து முனையும் அங்கதான். ஸ்கூல் புக்ல முதல் உலகப்போருக்குக் காரணம்னு மனப்பாடம் பண்ணின இடம், நேர்ல பார்த்தா சாதாரண டிராஃபிக் சிக்னல்.

சாப்பாட்டுல ஒரு எச்சரிக்கை. அங்க புரெக்னா கறி வச்சது மட்டும்தான். சீஸ் வச்சா அது சிர்னிட்சா, கீரை வச்சா ஸெல்யானிட்சா. நான் "சீஸ் புரெக்"னு கேட்டேன். கடைக்காரம்மா என்னைப் பார்த்த பார்வை, சாம்பார் வடையை சட்னி இட்லின்னு கேட்டவனைப் பார்க்குற பார்வை.

அந்த ஊரை 1992 ஏப்ரல்லேர்ந்து 1996 பிப்ரவரி வரைக்கும், 1,425 நாள் முற்றுகை போட்டிருந்தாங்க. சுத்தி மலை, மலை மேல பீரங்கி, கீழ ஊர். நடைபாதையில அங்கங்க சிவப்பா பூ மாதிரி தெரியும். ஷெல் விழுந்து ஆள் செத்த இடத்துல, சிமெண்ட்ல பதிஞ்ச தழும்பைச் சிவப்பு ரெசினால நிரப்பியிருக்காங்க. சாரயேவோ ரோஜாக்கள்னு பேர். 2012ல, முற்றுகை ஆரம்பிச்சு 20 வருஷம் ஆனப்போ, மெயின் ரோட்ல 11,541 சிவப்பு நாற்காலி காலியாப் போட்டாங்க. செத்த ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு. குழந்தைங்களுக்குச் சின்ன நாற்காலி.

வியெச்னிட்சான்னு ஒரு கட்டடம். 1896ல டவுன்ஹாலாத் திறந்தது, பின்னாடி தேசிய நூலகம். 1992 ஆகஸ்ட்ல ஷெல் அடிச்சு எரிச்சாங்க. லட்சக்கணக்கான புத்தகம் போச்சு. சீரமைச்சு 2014ல திறந்திருக்காங்க. உள்ள நிக்கும்போது எனக்கும் நண்பனுக்கும் ஒரே நேரத்துல யாழ்ப்பாணம் ஞாபகம் வந்துச்சு. 1981ல எரிஞ்ச அந்த நூலகம். ரெண்டு பேரும் சொல்லிக்கல, ஆனா ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம்.

வாசல்ல இருக்குற கல்வெட்டுல எரிச்சவங்களை இனப் பேர் சொல்லியே எழுதியிருக்காங்க, செர்பியக் குற்றவாளிகள்னு. எனக்கு வசதியாப் போச்சு. டேபிள்ல ரெண்டாவது வரி: சாரயேவோ, செர்பியர், போஸ்னியாக். அப்போ ஊர்ல எங்களைச் சுத்திக் காட்டின உள்ளூர் கைடு, ஒரு இளம் பொண்ணு, யோவான் திவியாக் பத்திச் சொன்னாங்க. போஸ்னிய ராணுவத்துல ஜெனரல். சாரயேவோவைக் காப்பாத்தச் சண்டை போட்டவர். பெல்கிரேடுல பிறந்த செர்பியர். முற்றுகை நடந்தப்போ உள்ள மாட்டிக்கிட்ட செர்பியர்களும் நிறைய பேர், அதே ஷெல்லுக்குத்தான் அவங்களும் செத்தாங்க. என் ரெண்டாவது வரியும் ஆடிப்போச்சு.

ஆறாவது நாள் மாண்டினீக்ரோ. இந்த ரோடுக்காகவே ஒரு தடவை போகலாம். பீவா பள்ளத்தாக்குல பாறையைக் குடைஞ்சு சின்னச் சின்ன டனல், வெளிய வந்தா கீழ மரகதக் கலர்ல ஏரி. அது அணை கட்டி வந்த ஏரி. அந்த இடத்துல 16ஆம் நூற்றாண்டு மடாலயம் ஒண்ணு இருந்துச்சாம். தண்ணியில முங்கிடும்னு, ஒவ்வொரு கல்லாப் பிரிச்சு, மேட்டுல கொண்டுபோய்த் திரும்பக் கட்டினாங்க. 1969ல ஆரம்பிச்ச வேலை 1982ல முடிஞ்சது. நம்ம சர்வர் மைக்ரேஷனுக்கு ரெண்டு நாள் அதிகமானாலே மேனேஜர் எத்தனை மெயில் போடுவார்னு யோசிச்சேன்.

கோட்டோர் வளைகுடா. கடல் மலைகளுக்கு நடுவுல உள்ள புகுந்து வந்து நிக்குற இடம். கோட்டை மதிலேறி மேல போக 1,350 படி. நான் ஏறினேன், நண்பன் கீழ ஐஸ்கிரீம் சாப்பிட்டான், ரெண்டு பேருமே திருப்தி. பக்கத்துல பெராஸ்ட் ஊருக்கு முன்னாடி கடல்ல ஒரு குட்டித் தீவு, நடுவுல சர்ச். அந்தத் தீவு இயற்கையானது இல்ல. ஊர்க்காரங்க பல தலைமுறையா கல்லைக் கொண்டுபோய்க் கொட்டி உருவாக்கினது. இப்பவும் ஒவ்வொரு ஜூலை 22ஆம் தேதியும் படகுல போய்க் கல் போடுறாங்க.

கடைசி நாள் டுப்ரோவ்னிக். கேம் ஆஃப் த்ரோன்ஸ்ல கிங்ஸ் லேண்டிங்கா வர ஊர், உங்களுக்குத் தெரியும். கிட்டத்தட்ட ரெண்டு கிலோமீட்டர் மதில் மேல நடந்தே ஊரைச் சுத்தலாம். 1377லயே வெளியிலேர்ந்து வரவங்களைத் தனியா வச்சு நோய் பரவாம தடுக்கச் சட்டம் போட்ட ஊர். குவாரன்டைனுக்கு முன்னோடி.

மதில் மேலேர்ந்து பார்த்தா எல்லாக் கூரையும் ஓடு. நம்ம கண்ணுக்கு அழகான ஆரஞ்சு. அங்க வந்த உள்ளூர் கைடு சொன்னார்: "பளிச்னு இருக்குறது புது ஓடு, மங்கலா இருக்குறது பழசு. எது அதிகம்னு பாருங்க." புதுசுதான் அதிகம். 1991, 92ல யுகோஸ்லாவிய ராணுவம் அடிச்ச ஷெல்லுல, பழைய நகரத்துக் கட்டடங்கள்ல மூணுல ரெண்டு பங்குக்கு மேல அடி வாங்கியிருக்கு. அந்தப் படையில மாண்டினீக்ரோவிலேர்ந்து வந்த ஆட்கள் நிறைய. அதாவது நேத்து நாங்க படியேறி, ஐஸ்கிரீம் சாப்பிட்டு வந்த பக்கத்துலேர்ந்து. இங்க அடிபட்டவங்க குரோட்கள். மோஸ்தார்ல என் டேபிள்ல தாக்கின காலத்துல இருந்ததும் குரோட்கள். 2000ல மாண்டினீக்ரோ அதிபர் மிலோ ஜுக்கானோவிச் குரோஷியாகிட்ட வெளிப்படையா மன்னிப்புக் கேட்டார்னும் அவர் சொன்னார்.

நான் மதில் மேலயே நின்னு டேபிளை டெலீட் பண்ணினேன்.

அன்னைக்கு சாயங்காலம் எங்க கைடு எல்லாருக்கும் விடை சொல்லிட்டு துறைமுகத்துக்கிட்ட காபி குடிச்சுக்கிட்டு இருந்தார். நான் போய் உட்கார்ந்தேன். "மோஸ்தார்ல நான் கேட்டது தப்பு. மன்னிச்சிடுங்க"ன்னு சொன்னேன். டேபிள் கதையையும் சொன்னேன். அவர் சிரிச்சார். "ஒவ்வொரு டூர்லயும் யாராவது ஒருத்தர் கேட்பாங்க. வழக்கமா முதல் நாளே. நீங்க மூணாவது நாள் வரைக்கும் பொறுத்தீங்க."

அப்புறம் அவரே சொன்னார். 1991 கோடை, அவருக்கு 16 வயசு. அவரும் பக்கத்து வீட்டுப் பையனும் ஒரே நாள்ல அந்தப் பழைய பாலத்துலேர்ந்து முதல் தடவை குதிச்சாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு ரெண்டு பேரும் ஆத்தோட ரெண்டு கரையில, ரெண்டு எதிரெதிர்ப் படையில. போர் முடிஞ்சு நண்பன் வெளிநாடு போயிட்டார். பேச்சே இல்ல. 2004ல புதுப் பாலம் திறந்த அன்னைக்கு ராத்திரி போன் வந்துச்சு. "டிவியில பார்த்தேன். குதிச்சியா?"ன்னு கேட்டாராம் நண்பர். இவர், "இல்ல, நீ இல்லாம எப்படி"ன்னு சொன்னாராம். இன்னைக்கு வரைக்கும் வருஷா வருஷம் பேசிக்கிறாங்க. "அந்த ரெண்டு வருஷம் நீ எங்க இருந்த, என்ன பண்ணினன்னு அவன் என்கிட்ட கேட்டது இல்ல. நானும் கேட்டது இல்ல. கேட்டா பதில் சொல்லணும், சொன்னா அந்த போன் கால் நின்னுபோகும்."

நான் சொன்னேன், "அப்போ இதுல எல்லாருமே தப்புதான், யாரையும் குத்தம் சொல்ல முடியாது, இல்லையா?" அவருக்குச் சட்டுனு முகம் மாறிடுச்சு. "அப்படிச் சொல்லாதீங்க. அது சோம்பேறித்தனம். ஸ்ரெப்ரெனிட்சான்னு ஒரு ஊர் இருக்கு. 1995 ஜூலையில 8,000க்கும் மேல ஆம்பளைங்களையும் பையன்களையும் கொன்னாங்க. அது இனப்படுகொலைன்னு கோர்ட் சொல்லியிருக்கு. ஹேக்ல நடந்த தீர்ப்பாயத்துல 161 பேர் மேல வழக்குப் போட்டாங்க. 161 பேருக்கும் பேர் இருக்கு, பதவி இருக்கு, தேதி இருக்கு. உங்க டேபிள்ல அந்தப் பேரை எழுதுங்க. குரோட், செர்ப், போஸ்னியாக்னு எழுதினீங்கன்னா, என் நண்பனையும் என்னையும் அந்தக் கட்டத்துக்குள்ள போட்டுடுறீங்க."

அவர் எந்தப் பக்கம்னு இப்பவும் எனக்குத் தெரியாது. உங்கள்ல சில பேர் நான் சொன்ன க்ளூவை வச்சு கண்டுபிடிக்க ட்ரை பண்ணிக்கிட்டு இருப்பீங்க. நானும் பிளைட்ல ட்ரை பண்ணினேன், பொய் சொல்லல. அப்புறம் விட்டுட்டேன்.

சரி, சொன்ன மாதிரி டிப்ஸ். ஒண்ணு, ஷெங்கன் விசா எடுக்கும்போது மல்டிபிள் என்ட்ரி வாங்குங்க. குரோஷியா ஷெங்கன்ல இருக்கு, மத்த ரெண்டும் இல்ல. வெளிய போய்த் திரும்ப உள்ள வரது ரெண்டாவது என்ட்ரி. எங்களுக்கு அந்த விசாவை வச்சே போஸ்னியாவும் மாண்டினீக்ரோவும் போக முடிஞ்சது. ரூல் மாறும், கிளம்புறதுக்கு முன்னாடி செக் பண்ணிக்கோங்க. ரெண்டு, போஸ்னியாவுக்குத் தனி சிம், கையில கொஞ்சம் மார்க். மாண்டினீக்ரோ ஐரோப்பிய யூனியன்ல இல்லாட்டியும் அங்க யூரோதான். மூணு, ஒவ்வொரு ஊர்லயும் அந்த ஊர் ஆள் ஒருத்தரோட நடந்து பாருங்க. ஒரே கைடு மட்டும் இருந்திருந்தா டுப்ரோவ்னிக் ஓடு எனக்குத் தெரிஞ்சிருக்காது. நாலு, போறதுக்கு முன்னாடி ஒரு வாரம் அந்த நாட்டு வரலாறு படிங்க. நான் படிச்சிருந்தா பிளிட்விட்சேல அவர் தேதி சொன்னப்போ செல்ஃபி எடுக்காம நின்னு கேட்டிருப்பேன்.

அவருக்கு இந்த எபிசோட் புரியாது, தமிழ். ஆனா ரெக்கார்ட் பண்றேன்னு மெசேஜ் அனுப்பினேன். "பாலத்தைப் பத்திச் சொல்லுங்க. புரெக் பத்தித் தப்பாச் சொல்லாதீங்க"ன்னு பதில் வந்துச்சு. சொல்லிட்டேன்.

உங்களுக்கும் இப்படி கேட்டுட்டு வருத்தப்பட்ட கேள்வி ஏதாவது இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம். அதுவரைக்கும், டாட்டா மக்களே.